வாங்குபவரைக் குறிவைக்கும் சட்டம்

ரஷ்ய அதிபர் புதின் 2018 அக்டோபரில் தில்லி வந்தபோது, ஐந்து எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகளை வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். விற்பது ரஷ்யா, வாங்குவது இந்தியா. ஆனால், அன்று எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது வாஷிங்டனின் பதிலுக்காக.

‘காட்சா’ என்ற அமெரிக்கச் சட்டமே காரணம். 2014இல் கிரைமியாவை ரஷ்யா கைப்பற்றியது. 2016 அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டதாகவும் அதன் மீது குற்றச்சாட்டு எழுந்தது. இந்தக் கோபத்தில் செனட் 98-2 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய மசோதாவில், 2017 ஆகஸ்டில் டிரம்ப் அரைமனதோடுதான் கையெழுத்திட்டார். அதன் 231ஆவது பிரிவின்படி, ரஷ்யாவின் ராணுவ, உளவுத் துறைகளுடன் ‘குறிப்பிடத்தக்க’ கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வோர் மீது, பட்டியலிலுள்ள 12 தடைகளில் குறைந்தது ஐந்தையாவது விதிக்க வேண்டும். எவ்வளவு தொகை என்றால் ‘குறிப்பிடத்தக்கது’ என்று சட்டம் சொல்லவில்லை. அரசியல் நுழைவது இந்த இடத்தில்தான்.

முதல் அடி சீனாவுக்கு. சுகோய்-35 போர் விமானங்களையும் எஸ்-400ஐயும் வாங்கியதற்காக, அதன் ராணுவத் தளவாடக் கொள்முதல் துறை மீதும் துறைத் தலைவர் லி ஷாங்ஃபு மீதும் 2018 செப்டம்பரில் தடை வந்தது. அதே லி 2023இல் பாதுகாப்பு அமைச்சரானார். தடை நீங்காததால், அந்த ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சருடன் முறையான சந்திப்புக்கு அவர் உடன்படவில்லை. இரு வல்லரசுகளின் ராணுவத் தலைமைகள் பேசிக்கொள்ள வேண்டிய நேரத்தில், பழைய கொள்முதல் ஒன்று குறுக்கே நின்றது.

துருக்கி நேட்டோ உறுப்பு நாடு. 2019 ஜூலையில் எஸ்-400 அங்கு வந்து இறங்கியது. எஃப்-35 விமானத்தின் ரகசியங்களை எஸ்-400இன் ரேடார் அறிந்துகொள்ளும் என்று கூறி, அந்த விமானத் திட்டத்திலிருந்தே துருக்கியை அமெரிக்கா உடனடியாக வெளியேற்றியது. இது காட்சாவின்படி எடுத்த நடவடிக்கை அல்ல. காட்சா தடை 2020 டிசம்பரில்தான் வந்தது: துருக்கியின் பாதுகாப்புத் தளவாட அமைப்புக்கு அமெரிக்க ஏற்றுமதி உரிமங்கள் மறுக்கப்பட்டன, அதன் தலைவருக்கு விசா முடக்கப்பட்டது. இந்தோனேசியாவோ, ஒப்பந்தம் போட்டிருந்த 11 சுகோய்-35 விமானங்களை 2021இல் கைவிட்டது. இப்படி நடக்காமலே போன கொள்முதல்களில்தான் சட்டத்தின் உண்மையான வலிமை தெரிகிறது என்பேன்.

ஆனால், இந்தியா மீது தடை வரவில்லை. 2021 இறுதியில் எஸ்-400 வரத் தொடங்கியபோதும் வாஷிங்டன் அசையவில்லை. சீனாவுக்கு எதிரே நிற்க இந்தியா தேவை என்ற கணக்கு அது. இந்தியாவுக்கு விலக்கு தரக் கோரும் திருத்தத்தை 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபை ஏற்றது, அது சட்டமாகவில்லை. ஆக, நமக்கு இருப்பது எழுத்தில் இல்லாத சலுகை. சட்டத்தை மாற்றாமலேயே அதை விலக்கிக்கொள்ள முடியும்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தபோது, தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புக்காக அங்கே பணிபுரிந்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதி வேலையை அவர்கள் பெங்களூரில் செய்து முடித்தார்கள். 2001 ஜனவரியில் தேஜஸ் பறந்தது. ஆனால், இன்றும் அதன் இன்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது.