உங்க இமேஜ் என்ன விலை சார்?

போன வருஷம் ஒரு கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதித் தரப் போயிருந்தேன். மாதிரிக்கு ஒரு விளம்பரப் படம் காட்டலாமே என்று லேப்டாப்பில் ஒயரைச் செருகி யூடியூபைத் திறந்தேன். எதிரே ஆளுயரத் திரை. எனக்காகவே அது சிபாரிசு செய்த வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன: 'ஏழே நாளில் தொப்பை குறைய', 'கடன்காரரைச் சமாளிப்பது எப்படி?', 'பாஸை மடக்க 10 வழிகள்'.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த மூணாவது வீடியோ நல்லாயிருக்கா சார்?" என்றார்.

ஹி... ஹி...

பேஸ்புக்கில் கோட் போட்ட போட்டோ, இன்ஸ்டாகிராமில் புத்தக அலமாரி முன்னால் மோவாயில் கை வைத்த போஸ்... இப்படிக் கஷ்டப்பட்டுக் கட்டிய இமேஜ் ஐந்தே விநாடியில் காலி!

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் வரும். நல்ல பெயருக்குப் போடும் விலை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கம்பெனி தானே வளர்த்துக்கொண்ட குட்வில்லைத் தன் பாலன்ஸ் ஷீட்டில் சொத்தாக எழுதிக்கொள்ளக் கூடாது. வேறொருவர் விலை கொடுத்து வாங்கினால்தான், அதுவும் வாங்கியவர் கணக்கில் ஏறும். நம்ம இமேஜும் அப்படித்தான் சார். நாமே போட்டுக்கொள்ளும் மதிப்பு செல்லாது.

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆலி ராபின்சனைக் கேட்டால் சொல்வார். 2021 ஜூன் 2, லார்ட்ஸ் மைதானத்தில் அவருக்கு முதல் டெஸ்ட். பதினெட்டு, பத்தொன்பது வயதில், 2012-13ல் ட்விட்டரில் அவர் எழுதிய இனவெறி வரிகளையும் பெண்களை மட்டம் தட்டிய வரிகளையும் அன்றைக்குப் பார்த்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மாலையே மன்னிப்புக் கேட்டார். அந்த மேட்சில் 7 விக்கெட்டும் எடுத்தார். என்ன பிரயோஜனம்? சஸ்பெண்ட்! அடுத்த டெஸ்ட்டில் இடமில்லை.

"நாம என்ன லார்ட்ஸ்லயா ஆடப் போறோம்?" என்று சொல்லாதீர்கள். வேலைக்குக் கூப்பிடும் கம்பெனியும், பெண் கொடுக்க யோசிக்கும் வருங்கால மாமனாரும் முதலில் தட்டிப் பார்ப்பது உங்கள் பெயரைத்தான்.

அதனால் வருஷக் கணக்கு முடிக்கிற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். எதிலும் லாக்-இன் செய்யாமல் உங்கள் பெயரைக் கூகுளில் தேடுங்கள். ஊர் பார்ப்பது அதைத்தான். பேஸ்புக் செட்டிங்ஸில், எல்லோருக்கும் தெரிகிற பழைய பதிவுகளை மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' ஆக்கிவிடலாம். நெட்ஃபிளிக்ஸில் ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்து நாலு எண்ணில் பூட்டுப் போடலாம். பார்த்த படத்தைப் பட்டியலிலிருந்து மறைக்கவும் வழி உண்டு. யூடியூபில் ஹிஸ்டரியை நிறுத்தி வைக்கலாம். ஸ்பாட்டிஃபையில் 'பிரைவேட் செஷன்' இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் கேட்ட பாட்டு அடுத்த சீட்காரருக்கு எதற்கு?

நானும் அப்படி உட்கார்ந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

2017 ஜூலை. ஜி.எஸ்.டி. வந்த புதுசு. நான் அப்போது ஒரு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். எங்கள் சீனியருக்கு 56 வயது. கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். 'எங்க ஆபீஸ் கொக்கு' என்று தலைப்புக் கொடுத்து அவரை நக்கலடித்து எழுதியிருந்தேன். 143 லைக்! அன்று ராத்திரி பெருமையில் தூக்கமே வரவில்லை.

இப்போது கமெண்ட்டுகளைக் கடைசி வரை படித்தேன். ஒரு மாதம் கழித்து யாரோ போட்டது ஒன்று இருந்தது. நான் பார்த்ததேயில்லை.

'இவர் என் அப்பா. தினமும் ராத்திரி பதினொரு மணி வரை என்கிட்ட டைப்பிங் கத்துக்கிட்டு இருக்கார்.'

பாங்க் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் செய்த 90 ரூபாய் தப்புக்காக எட்டு மணி வரை கூடவே இருந்து தேடினவர்.

உடனே அழித்திருக்கலாம். கை வரவில்லை. நம்பர் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"அதை அப்பவே படிச்சேனே தம்பி."

"ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டு என்ன ஆகப் போகுது? அதுக்குள்ள ஆபீஸே படிச்சாச்சு."

கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவரே, "இப்ப ரெண்டு விரலால அடிக்கிறேன், தெரியுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிவை அழித்துவிட்டேன். உங்கள் பக்கத்திலும் எங்காவது ஒரு கொக்கு நின்றுகொண்டிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கள். அழிப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.