தலையில் அடிபட்ட மாணவர் வகுப்புக்குத் திரும்பும்போது



மெர்லிமாவ், ஜாசின், பெம்பான், அலோர் காஜா என்று மலாக்காவில் எந்தப் பக்கம் போனாலும், நம் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருவது மோட்டார் சைக்கிளில்தான். 1973 முதலே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஆனால் 'தோட்டத்துக்குள்ளதானே' என்று அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களை நாம் பார்க்கிறோம். சறுக்கி விழுவதும், திடலில் பந்தாடும்போது தலையோடு தலை மோதுவதும் நடக்கத்தான் செய்கின்றன. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். சில நாளில் பிள்ளை வகுப்பில் இருக்கும். கட்டு இல்லை, காயம் இல்லை. ஆனால் பாடம் ஏறாது. "நல்லா படிச்ச பையன், இப்ப சோம்பேறி ஆயிட்டான்" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெயர் விழுந்துவிட்டால், எஸ்.பி.எம். வரை அவனைத் தூக்கி நிறுத்துவது சிரமம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூளை மென்மையான உறுப்பு. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை திடீரென ஆட்டம் கண்டால் மூளையும் குலுங்கும். நரம்பணுக்களின் மெல்லிய இழைகள் இழுபடும், இரசாயனச் சமநிலை குலையும். அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவை. அதே நேரத்தில் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கும். இதுவே மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும்; இந்தச் சக்திக் குறைபாட்டைக் காட்டாது. ஆகவே ஸ்கேன் சரியாக இருப்பதும் மாணவருக்குத் தலைவலி இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

வகுப்பில் எப்படித் தெரியும்?

- வெண்பலகையைப் பார்த்து எழுதும்போது தலைவலி, கண் கூச்சம்
- கேள்வி புரிந்தாலும் பதில் சொல்லத் தாமதம்
- கருத்துணர்தல் பகுதியில் நான்காம் பத்திக்கு வரும்போது முதல் பத்தி மறந்துபோவது
- காலையில் நன்றாக இருந்து, பத்து மணிக்கு மேல் சோர்ந்துபோவது
- தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது

பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். அதற்கு மேலும் அறிகுறிகள் நீடித்தால் மறுபடி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் வழியாக மலாக்கா மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்ப முடியும்.

கடுமையான மூளைக் காயம் வேறு வகை. அதில் பாதிப்பு மாதங்கள், ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுதும் இருக்கும். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல் காயப்பட்டால் திட்டமிடுவதும் கோபத்தை அடக்குவதும் கடினமாகிவிடும். கட்டொழுங்குப் பிரச்சினை என்று எழுதும் முன், இவனுக்கு எப்போதாவது தலையில் அடிபட்டதா என்று பெற்றோரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

படிப்படியாகத் திரும்புவது

வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது மருத்துவர்கள் சொல்வதில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைத்தொலைபேசியைக் குறைக்க வேண்டும், மெதுவாக நடக்கலாம். பிறகு வீட்டில் கொஞ்ச நேர வாசிப்பு, அடுத்து அரை நாள் பள்ளி, அதன்பின் முழு நாள். விளையாட்டுத் திடல் கடைசியில்தான், அதுவும் மருத்துவர் அனுமதித்த பிறகு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

1. பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுங்கள். புரிந்துவிட்டதா என்று பார்க்க நான்கு போதும்.
2. குறிப்பை அச்சிட்டுக் கொடுங்கள். பார்த்து எழுதும் வேலை குறையும்.
3. சன்னல் வெளிச்சம் முகத்தில் படாத இடத்தில் உட்கார வையுங்கள்.
4. தலைவலி வந்தால், கேட்டுக்கொண்டே இருக்காமல் ஆலோசக ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் இருக்க விடுங்கள்.
5. எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் ஒரே குறிப்பு போகட்டும். ஒருவர் விட்டுக்கொடுத்து, இன்னொருவர் திட்டினால் பிள்ளை குழம்பிவிடும்.

தேர்வு மாணவருக்கு

தம்பி, தங்கச்சி, 'ரெண்டு மணி நேரம் ஒரே மூச்சா படிச்சாத்தான் படிப்பு' என்று நினைக்காதீர்கள். 20 நிமிடம் படித்து 5 நிமிடம் கண்ணை மூடுங்கள். தலைவலி கூடினால் நிறுத்துங்கள். கட்டுரைக்கு முதலில் கருத்துகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்திருக்கும் சுமை குறையும். பாதிப்பு நீடித்தால், எஸ்.பி.எம். தேர்வில் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான ஏற்பாட்டுக்குப் பள்ளி வழியாகத் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். மருத்துவ அறிக்கை வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்வுச் செயலாளரிடம் கேளுங்கள்.

வீட்டில் அப்பாவுக்கு என்றால்

செம்பனைத் தோட்டத்தில் 20 கிலோவைத் தாண்டும் குலைகள் உயரத்திலிருந்து விழுகின்றன. வேலையில் அடிபட்ட அப்பா, வீட்டுக்கு வந்தபின் வேறு ஆளாகிவிட்டார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவும் மூளைக் காயமாக இருக்கலாம். பெர்கேசோ சந்தாதாரர்களுக்கு மலாக்கா ஹங் துவா ஜெயாவில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. விவரத்தைப் பெர்கேசோ அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

தாமதிக்காதீர்கள்

அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999. இந்தப் பத்தியை வெட்டி ஆசிரியர் அறையில் ஒட்டி வையுங்கள்.