புது மடிக்கணினிக்குள் லினக்ஸ் – எப்படி?



இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் சிக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கேலி பழகிப் போயிருக்கும்! சிக்கலிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் வாலிநோக்கம், மாரியூர் பகுதியில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்த நிலம். அந்தப் பாத்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் அவை நமக்குத் தேவைப்படும்.

சிக்கலில் ஒரு வீடு. அக்கா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் புது மடிக்கணினி ஒன்று வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கு அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசை. அக்காவும் சம்மதித்துவிட்டாள். ஆனால் அம்மா, "புதுப் பொருள்டா, கெடுத்துப்புடாதே!" என்கிறார். இப்படி வைத்துக்கொள்வோம்.

அம்மாவின் அச்சம் நியாயமானதுதான். இந்த வேலையில் ஓர் இடத்தில் கவனம் தவறினால், உள்ளே உள்ள பாடக் குறிப்புகளும் படங்களும் ஒரு நொடியில் போய்விடும். அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் மற்றதற்கெல்லாம் பயப்பட வேண்டியதே இல்லை. அதைக் கண்டுபிடிப்போமா?

இயங்குதளம் என்பது என்ன?

மடிக்கணினியைப் பிரித்துப் பார்த்தால் செயலி, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை என்று பல உறுப்புகள் இருக்கும். இவை தாமாக ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளா. நீங்கள் ஒரு விசையை அழுத்தியதும் திரையில் எழுத்து தோன்ற வேண்டும். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கட்டுரையைச் சேமிக்க வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை செய்யும் மென்பொருளே இயங்குதளம். கடையில் வாங்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் என்ற இயங்குதளத்தோடு வருகின்றன. அது வந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம்; அல்லது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

ஊருணித் தண்ணீர்

இராமநாதபுரம் சீமையில் ஊருணி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் யாரும் குடம் எடுத்துப் போய் மொண்டுகொள்ளலாம். அதற்கு ஈடாக ஊரே கூடித் தூர் வார வேண்டும். திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான். ஒரு மென்பொருளை ஆக்கிய கட்டளை வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். விண்டோஸ் போன்றவற்றின் மூல நிரலை அதை ஆக்கிய நிறுவனம் பொதுமக்களுக்குக் கொடுப்பதில்லை. திறந்த மூல மென்பொருளிலோ, அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். உரிமமே அதற்கு அனுமதி அளிக்கிறது.

இந்த எண்ணத்தோடு 1983-இல் குனூ என்ற திட்டத்தை அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். குனூவின் கருவிகளும் லினக்ஸ் உட்கருவும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயின. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறதா? அதன் அடியில் இருப்பதும் லினக்ஸ் உட்கருவே!

நம் நாட்டிலும் இது புதிதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்விக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு லினக்ஸ் ஆக்கப்பட்டிருக்கிறது. பாஸ், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் லினக்ஸ் உட்கருவைச் சுற்றிக் கட்டப்பட்ட வெவ்வேறு தொகுப்புகள்.

புது எந்திரம், பழைய உட்கரு

பழைய கணினியில் சட்டென்று ஏறும் லினக்ஸ், புத்தம் புது மடிக்கணினியில் சில வேளை தடுமாறும். இது விந்தையாக இல்லையா? காரணம் எளியது. வைஃபை சில்லு, ஒலிச் சில்லு, தொடுபலகை ஒவ்வொன்றோடும் பேச ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உட்கருவோடு சேர்ந்தே வருகின்றன. சென்ற மாதம் சந்தைக்கு வந்த சில்லைப் பற்றி, ஈராண்டுக்கு முன் வெளியான உட்கருவுக்கு எப்படித் தெரியும்? ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

உட்கருவின் புதிய பதிப்பு ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. ஆகவே புது மடிக்கணினிக்குப் புதிய உட்கரு கொண்ட தொகுப்பையே தேர்ந்தெடுங்கள். அப்படியும் வைஃபை தெரியவில்லையா? கைப்பேசியைக் கம்பி வழியாக மடிக்கணினியில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து கொடுத்து, உட்கருவைப் புதுப்பித்துப் பாருங்கள்.

முதலில் தொட்டுப் பார்ப்போம்

லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்! தேவை, குறைந்தது 8 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவ். லினக்ஸ் தொகுப்பு 'ஐ.எஸ்.ஓ.' என்ற ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அது பல ஜி.பி. அளவு இருக்கும், கைப்பேசியின் ஒரு நாள் டேட்டா போதாமல் போகலாம். கவலை வேண்டாம். வகுப்பில் ஒருவர் இறக்கினால் போதும், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்ளலாம். அது திருட்டு ஆகாது என்பதுதான் ஊருணித் தண்ணீரின் சிறப்பு.

இறக்கிய கோப்பு வழியில் பழுதாகவில்லை என்று எப்படி அறிவது? கோப்போடு 'எஸ்.எச்.ஏ. 256' என்ற அடையாளக் கோவை ஒன்றும் வெளியிடப்படும். எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள். உங்கள் கோப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கோவை முற்றிலும் வேறாக வரும். இரண்டும் ஒத்தால் கோப்பு நல்லது.

அடுத்து, ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென் டிரைவில் சாதாரணமாக நகலெடுத்தால் பயனில்லை. ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால் 'எழுத' வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். அதனால் காலியான பென் டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினிக்கு மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகைச் சில்லில் உறையும் 'யு.இ.எஃப்.ஐ.' என்ற சிறு மென்பொருளே முதலில் விழிக்கிறது. "இயங்குதளம் எங்கே இருக்கிறது?" என்று தேடுவது அதன் வேலை. தொடங்கும் நொடியில் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்தினால் (எது என்பது தயாரிப்பாளருக்கேற்ப மாறும்) எங்கிருந்து தொடங்குவது என்று அது நம்மைக் கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள்.

யு.இ.எஃப்.ஐ. வாசலில் 'செக்யூர் பூட்' என்ற காவல்காரன் நிற்கிறான். நம்பத்தக்க மின்கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே உள்ளே விடுவான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றும் அந்தக் கையொப்பத்தோடு வருவதால், பெரும்பாலும் காவல்காரனை அகற்ற வேண்டிய தேவையே இல்லை.

திரையில் லினக்ஸ் தோன்றிவிட்டதா? 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் இப்போது பென் டிரைவிலிருந்து நினைவகத்துக்கு வந்து ஓடுகிறது. வட்டில் எதையும் எழுதவில்லை. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எது சரியில்லை என்றாலும் கணினியை நிறுத்திப் பென் டிரைவை எடுத்துவிடுங்கள். மடிக்கணினி பழையபடி இருக்கும்.

பாத்தி பிரிக்கும் நேரம்

அந்த ஆபத்தான இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். வட்டு ஓர் உப்பளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அதில் ஏற்கெனவே வரப்புக் கட்டியிருக்கிறார். தொடங்கும் தகவல்களுக்கு ஒரு சிறு பாத்தி. விண்டோஸுக்கும் அக்காவின் கோப்புகளுக்கும் ஒரு பெரும் பாத்தி. பழுதானால் மீட்பதற்கு ஒரு பாத்தி. லினக்ஸுக்கு இடம் வேண்டுமானால் பெரும் பாத்தியின் வரப்பை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும்.

உப்பு விளைந்து கிடக்கும் பாத்தியில் கண்மூடித்தனமாக மண்ணை வெட்டிப் போட்டால் என்ன ஆகும்? உழைப்பெல்லாம் மண்ணோடு மண்ணாகும். வட்டிலும் அப்படியே. ஆகையால் வரப்பைத் தொடுமுன் நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒன்று: அக்காவின் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள். நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரண்டு: புது விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும். தொடங்கும் முறையில் மாற்றம் செய்தால், "நீ உரியவன்தானா?" என்று ஐயுற்று 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கலாம். அந்தச் சாவியை அக்காவின் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிறுவத் தொடங்குமுன் விண்டோஸ் அமைப்புகளிலேயே மறைகுறியாக்கத்தை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

மூன்று: விண்டோஸில் உள்ள வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே பெரும் பாத்தியைச் சுருக்குங்கள். தன் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று விண்டோஸுக்கே நன்றாகத் தெரியும். 512 ஜி.பி. வட்டில் 100 ஜி.பி. ஒதுக்கினால் லினக்ஸுக்குத் தாராளம்.

நான்கு: சார்ஜரைச் செருகி வையுங்கள். வரப்பு நகரும்போது மின்சாரம் நின்றால் பாதிக் கட்டிய வரப்புத்தான் மிஞ்சும்.

இப்போது நிறுவியைத் தொடங்கலாம். மொழி, விசைப்பலகை, ஊர் நேரம் என்று சில கேள்விகள் கேட்கும். பிறகு, எங்கே நிறுவுவது என்ற கேள்வி வரும். நில்லுங்கள்! 'விண்டோஸுக்கு அருகில் நிறுவு' என்று ஒரு விடை; 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்று இன்னொரு விடை. இரண்டாவதைத் தொட்டு உறுதியும் செய்துவிட்டால் எல்லா வரப்பும் உடையும். அம்மா பயந்த இடம் இதுதான்! அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் உள்ளதை உரக்கப் படித்து, இருவரும் சரி என்ற பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள்.

மற்றதை நிறுவியே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் வேலை முடியும். மறுமுறை தொடங்கும்போது 'கிரப்' என்ற வாசல் பட்டியல் தோன்றி, லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். முதலில் விண்டோஸுக்குள் போய் அக்காவின் கோப்புகள் பத்திரமாக உள்ளனவா என்று பாருங்கள். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்!

தூர் வாரப் போவது யார்?

இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். லினக்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை அதிலே இருக்கிறது. பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் வரும். அவற்றை மொழிபெயர்த்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத தன்னார்வலர்களே.

பார்த்துக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் ஒரு சொல் பொருந்தாமல் இருக்கும். இன்னோர் இடத்தில் மொழிபெயர்ப்பே இருக்காது. மூடிய மென்பொருளாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு விட வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. "இந்தச் சொல்லைவிட அந்தச் சொல் நன்று" என்று நீங்களே எழுதி அனுப்பலாம். ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பு போய்ச் சேரும் தமிழ்க் கணினிகளில் எல்லாம் சிக்கலில் எழுதிய அந்தச் சொல் தோன்றும்.

ஊருணியில் குடம் மொள்ள எல்லோரும் வருவார்கள். ஒரு கூடை மண் அள்ள நீங்களும் வருவீர்கள் அல்லவா?