மலைப்பாதையில் ஜீப்பின் ஷாப்ட் முறிந்தால்...?

செங்குத்தான மலைப்பாதையில் ஜீப் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று "டக்" என்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. டிரைவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

பழைய வில்லிஸ் ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட ஷாப்ட் வழியாகத்தான் அது பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஷாப்ட் முறிந்திருந்தால் பிடிக்க எதுவும் இல்லை. கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. வண்டி தானாகப் பள்ளத்தை நோக்கி உருளும்.

ஆகவே, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே கூடாது. கூட வந்தவர் இறங்கி, சக்கரங்களுக்குப் பெரிய கல்லாக முட்டுக் கொடுக்கட்டும். பிறகுதான் டிரைவர் இறங்க வேண்டும்.

நீண்ட ஷாப்ட் மட்டும் முறிந்திருந்தால் பிழைத்தோம். அதைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, முன் சக்கர இழுப்பைப் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். கைப்பிரேக் இல்லை என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

நடு ஷாப்ட்

உள்ளே இருக்கும் நடு ஷாப்ட் போயிருந்தால் கதை வேறு.

கியர் பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே டிரான்ஸ்பர் கேஸின் வேலை. எந்த கியரில் போனாலும் அந்தச் சக்தி நடுவிலுள்ள பல்சக்கரத்தின் வழியேதான் போகிறது. அந்தப் பல்சக்கரம் சுழல்கிறது. அதைத் தாங்கும் ஷாப்ட் சுழல்வதில்லை. எண்ணெய் குறைந்தால் இடையிலுள்ள உருளைகள் ஷாப்டைக் கொத்திக் குழி பறித்துவிடும்.

யுத்த கால ஜீப்பில் இந்த ஷாப்டின் கனம் முக்கால் அங்குலம்தான்! யுத்தத்துக்குப் பின் வந்த வண்டிகளில் 1⅛ அங்குலமாக்கினார்கள். பிறகு 1¼ அங்குலமாயிற்று. அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம். கடையில் வாங்குமுன் பழைய ஷாப்டை அளந்து பார்ப்பது அவசியம்.

கழற்றுவது எப்படி?

முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும். அதில் இரும்புத் தூள் மினுமினுத்தால் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம். அடி மூடியைக் கழற்றி, ஷாப்டைப் பிடித்திருக்கும் பூட்டுத் தகட்டையும் எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்துப் பின்பக்கமாகத் தட்டினால் ஷாப்ட் வெளியே வரும். பல்சக்கரம் அடிவழியாகக் கைக்கு வந்துவிடும்.

முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். சூட்டில் ஷாப்டின் கடினம் போய்விடும், வளையவும் கூடும். புது ஷாப்டே போட வேண்டும். பல்சக்கரத்தின் உள்துளையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அது சொரசொரப்பாக இருந்தால் புது ஷாப்டும் சீக்கிரம் பாழ்.

மாட்டுவதில் ஒரு தந்திரம் உண்டு. உருளைகள் தனித்தனியாக இருந்தால், கிரீஸ் தடவி ஒட்டவைத்து, நடுவில் அதே கனமுள்ள குட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். இருபுறமும் வாஷர் வைத்து உள்ளே ஏற்றிப் பிடித்து, பின்னாலிருந்து புது ஷாப்டைத் தட்டினால், அது துண்டை முன்னால் தள்ளிக்கொண்டு தன் இடத்தில் உட்காரும். உருளை ஒன்றுகூட உதிராது.

பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்த வம்சத்து வண்டிகள் சில இன்றும் மலைத் தோட்டங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கெல்லாம் இந்த வேலை பொருந்தும்.

எண்ணெய் ஊற்றிய பிறகு, சமதரையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஷாப்டின் பின் முனையில் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு மலை ஏறலாம்.