வீட்டை வாடகைக்கு விடுதல்



ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கொண்டு ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று எண்ணாத ஆசிரியர் நம்மிடையே அரியர். எண்ணம் நன்று, கணக்குத்தான் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றது.

120 இலட்சம் ரூபா பெறுமதியான வீடு மாதம் 40,000 ரூபா தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 480,000 என்று மகிழ்கின்றோம். ஒரு மாதம் வீடு வெறுமையாய்க் கிடந்தால் அது 440,000 ஆகும். சோலைவரி, வெள்ளையடிப்பு, கூரை, குழாய் ஆகியவற்றுக்கு 80,000 கழித்தால் எஞ்சுவது 360,000. அஃதாவது, இட்ட முதலில் நூற்றுக்கு மூன்று வீதமே. காணியின் விலை ஏறலாமே என்பீர்கள். ஏறட்டும்; விற்றாலன்றி அவ்வேற்றம் அடுப்பெரிய உதவாது.

இளமையில் நானும் வாடகை வீட்டில் இருந்தவனே. கூரை ஒழுகுவதை மூன்று முறை சொல்லியும் உரிமையாளர் அசையவில்லை; நான் வெளியேறினேன். அவ்வீடு அதன்பின் ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. ஓடு மாற்றும் செலவு ஒரு மாத வாடகைக்கும் குறைவு!

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காக்க எழுந்தது. அது வேண்டியதே. எனினும், கட்டுப்படுத்தப்பட்ட சொற்ப வாடகையைப் பெற்ற உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர்.

உறவினர்தானே என்று வாய்ச்சொல்லில் வீட்டைக் கொடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். அவ்வுறுதியில், முற்பணம் எப்போது திருப்பப்படும், கிணற்று மோட்டார் பழுதானால் செலவு யாருடையது என்பனவற்றையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.