நம் வீட்டில் தங்கும் பிறர் பிள்ளை



சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் படிப்புக்காக மலையிறங்கி, விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குவதைப் பார்க்கிறோம். அப்படியொரு பிள்ளை நம் வீட்டில் தங்கினால், ஞாயிறு காலை நாம் கோவிலுக்குப் புறப்படும்போது என்ன செய்வது? கூட்டிச் செல்வதா, விட்டுவிட்டுப் போவதா? சின்னக் கேள்விதான். ஆனால் இதில் தவறியதால் நம்மவர்கள் ஒருமுறை உலகத்தின் முன் தலைகுனிய நேர்ந்தது.

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும், பெற்றோர் இல்லாமல், ஏற்றுக்கொள்ள பிரிட்டன் முன்வந்தது. டிசம்பர் 2 அன்று ஏறக்குறைய 200 பிள்ளைகள் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினர். அடுத்த செப்டம்பரில் போர் மூளும்வரை சுமார் 10,000 பேர் வந்தனர், பெரும்பாலோர் யூதர். டோவர்கோர்ட் முகாமுக்கு வளர்ப்புப் பெற்றோர் வந்து, பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்கு வீடு சீக்கிரம் கிடைத்தது. பதின்வயதுப் பையன்கள் காத்திருந்தார்கள். யூதக் குடும்பங்கள் போதாததால் பலர் கிறிஸ்தவ வீடுகளுக்குச் சென்றனர். உயிர் பிழைத்தது அந்த வீடுகளின் அன்பால்தான். ஆனால் பிள்ளைகள் தங்கள் மறையை மறந்துவிடுவார்களே என்று யூத குருக்கள் கலங்கியதும் நியாயமே. அப்பிள்ளைகளுள் பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவே இல்லை.

பிரான்சில் நடந்தது இன்னும் வேதனையானது. கிரனோபிள் நகருக்கு அருகே வாழ்ந்த ஃபினாலி என்ற யூதத் தம்பதியர் 1944இல் நாடுகடத்தப்பட்டு இறந்தனர். அவர்களின் இரு சிறுவர்களையும் அந்தொனெத் பிரன் என்ற கத்தோலிக்கப் பெண்மணி காப்பாற்றினார். அதற்காக அவரை நாம் போற்றத்தான் வேண்டும். ஆனால் போர் முடிந்து அத்தைமார் பிள்ளைகளைக் கேட்டபோது அவர் தர மறுத்தார். 1948இல் திருமுழுக்கும் கொடுக்கச் செய்தார். நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் சிறுவர்கள் ஒளித்துவைக்கப்பட்டு, 1953இல் ஸ்பெயினுக்குக் கடத்தப்பட்டனர். குருக்களும் கன்னியரும் கைதாயினர். அவ்வாண்டு கோடையில்தான் சிறுவர்கள் உறவினரிடம் சேர்ந்து இஸ்ரயேல் சென்றனர். காப்பாற்றிய கையே பிடித்துவைத்த கையும் ஆயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் யூத மக்களைப் பற்றியும் சமய உரிமை பற்றியும் வெளியிட்ட ஏடுகளை இந்தக் காயங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்காமல், சாவு ஆபத்து இல்லாத நிலையில், குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது முறையல்ல என்று திருச்சபைச் சட்டம் 868 சொல்கிறது. நம் ஆண்டவரும் யூதப் பிள்ளைதான். எகிப்தில் அந்நியராய்த் தங்கிய குடும்பத்தின் பிள்ளை.

இன்று மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் யூத இளையோர் அயல்நாட்டுக் குடும்பங்களோடு சில வாரங்களோ மாதங்களோ தங்குகிறார்கள். அவர்களை ஏற்கும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பன்றி இறைச்சி, இறால், நண்டு ஆகாது. பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் சேராது. கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களுக்குப் பாத்திரமும் தனி. வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள், வண்டியில் ஏறமாட்டார்கள். எல்லா யூதரும் ஒரேபோல் கடைப்பிடிப்பதில்லை என்பதால், யூகிக்காமல் கேட்டுவிடுவதே நல்லது. (நம் சாம்பார் பலருக்குச் சிக்கலில்லாத உணவு என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான்!)

சித்தேரிப் பிள்ளைக்கும் இதே வழிதான். வந்து சேரும் அன்றே, ஞாயிறு பற்றி அவனுடைய அப்பா அம்மாவிடம் கேட்டுவிடலாம். குலதெய்வத் திருவிழாவுக்கு எப்போது ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்கலாம். கோவிலுக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், வீட்டில் ஒருவர் முதல் திருப்பலிக்குப் போய்வந்து அவனோடு இருக்கலாம்.