ஆயித்தியமலைப் பாதயாத்திரை

2012இல் தனியாகப் பிரிந்த மட்டக்களப்பு மறைமாவட்டத்தின் பெயர்பெற்ற யாத்திரைத் தலம் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலம். செப்டம்பர் முற்பகுதியில் வரும் திருவிழாவையொட்டி மட்டக்களப்பு நகரிலிருந்து பக்தர்கள் கூட்டமாக நடந்து போவது வழக்கம்.

கல்முனையிலிருந்து நடப்பவருக்கு வழி இரண்டு கட்டம். முதலாவது கடலோரப் பிரதான வீதி: மருதமுனை, பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலம் வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பாங்கொலியும் கோயில் மணியும் மாறிமாறிக் கேட்கும் இந்த வீதியில் தேத்தண்ணிக் கடைக்குப் பஞ்சமில்லை. ஒரே நாளில் முடிக்க நினைப்பது வீம்பு.

இரண்டாவது கட்டத்தில், வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு வழியாகப் படுவான்கரைக்குள் இறங்கினால் வயல், மேய்ச்சல் தரை, பற்றைக்காடு, நிழல் அரிது. மாரி தொடங்காத காலம் என்பதால் தார் கொதிக்கும், செருப்பு வார் பாதத்தை அறுக்கும். விடியுமுன் புறப்படுவதே உசிதம்.